தாத்தா பிறந்த ஊர் எது? பத்திரத்துக்குப் பத்திரம் ஊர் மாறினால் என்ன செய்வது?

பழைய பயணப் பத்திரத்தில் 'திருச்சிராப்பள்ளி ஜில்லா'. 1950களில் எழுதிய குடியுரிமைத் தாளில் 'சேலம்'. மலேசியக் கடப்பிதழில் வெறும் 'இந்தியா'. கல்லறையில் 'நாமக்கல் மாவட்டம்'. ஆள் ஒருவர்தான், ஊர் மட்டும் நான்கு.

கொள்ளுத் தாத்தாவின் பூர்வீகத்தைத் தேடப் போகும் பலரும் முதல் நாளே இப்படி ஒரு குழப்பத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். "கிராணி தப்பா எழுதிட்டாரு போல" என்று சொல்லிப் பெட்டியை மூடிவிடுகிறார்கள். அல்லது நான்கில் பிடித்த ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடுகிறார்கள்.

அவசரப்பட வேண்டாம். மேலே சொன்ன நான்கும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். அது எப்படி, உண்மையிலேயே முரண்பட்டால் எதை நம்புவது, மாவட்டத்திலிருந்து கிராமம் வரை எப்படிப் போவது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் கேள்வி: சென்சஸில் பெயரைத் தேடலாமா?

முடியாது. குடும்ப வரலாறு தேடுவது பற்றி யூடியூப்பில் வரும் பெரும்பாலான காணொளிகள் இங்கிலாந்து, அமெரிக்காவைப் பற்றியவை. அங்கே மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடு வீடாக எழுதிய தாள்களைக் குறிப்பிட்ட காலம் கழித்துப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். இங்கிலாந்தில் 100 ஆண்டு, அமெரிக்காவில் 72 ஆண்டு. பெயரைத் தட்டினால் கொள்ளுத் தாத்தாவின் வீடும் வயதும் பிறந்த இடமும் வந்துவிடும்.

நமக்கு அந்த வசதி இல்லை. இந்தியாவில் 1948ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டப்படி தனிநபர் பதிவுகளை யாரும் பார்வையிட முடியாது. மலாயாவில் 1921, 1931, 1947ஆம் ஆண்டுகளில் எடுத்த கணக்கெடுப்புகள் புத்தகங்களாக வந்துள்ளன. ஆனால் அவற்றில் எண்ணிக்கைதான் இருக்கும், பெயர் இருக்காது.

அப்போ சென்சஸால் பயனே இல்லையா? இருக்கிறது. 1947ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது மலாயாவில் இருந்த இந்தியர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இங்கேயே பிறந்தவர்கள். அதற்கு முந்தைய 1931ஆம் ஆண்டுக் கணக்கில் அந்தப் பங்கு மிகவும் குறைவு. ஆகவே, உங்கள் தாத்தா 1940இல் பிறந்தவர் என்றால், "கண்டிப்பா இந்தியாவுலதான் பிறந்திருப்பாரு" என்று முடிவுகட்டி விடாதீர்கள். இங்கேயே ஏதாவது ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்திருக்கவும் நல்ல வாய்ப்பு உண்டு.

பெயரோடு தேட நம்மிடம் இருப்பவை வேறு பத்திரங்கள்: அடையாள அட்டை, பிறப்பு இறப்புப் பத்திரங்கள், கடப்பிதழ், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, தோட்டத்துப் பதிவுகள், கல்லறை, கடிதங்கள். முரண்பாடு வருவதும் இவற்றுக்குள்தான்.

ஊர் அங்கேயே இருந்தது, எல்லைதான் நகர்ந்தது

நாமக்கல் உதாரணத்துக்கு வருவோம். நாமக்கல் தாலுகா முதலில் சேலம் ஜில்லாவில் இருந்தது. 1910இல் அதைத் திருச்சிராப்பள்ளி ஜில்லாவோடு சேர்த்தார்கள். 1929இல் மறுபடியும் சேலத்துக்கே கொடுத்தார்கள். 1997இல் நாமக்கல் தனி மாவட்டம் ஆனது.

இப்போது 1912இல் நாமக்கல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவரை நினைத்துப் பாருங்கள். 1928இல் கப்பலேறினால் அவருடைய தாளில் 'திருச்சிராப்பள்ளி' என்று இருக்கும். 1950களில் கேட்டால் 'சேலம்' என்பார். 1998இல் அவருடைய பேரன் கல்லறை கட்டினால் 'நாமக்கல் மாவட்டம்' என்று எழுதுவார். யாரும் பொய் சொல்லவில்லை. கிராமமும் ஓர் அடிகூட நகரவில்லை.

கரூரும் அப்படித்தான். 1910 வரை கோயம்புத்தூர் ஜில்லா, அதன் பிறகு திருச்சிராப்பள்ளி ஜில்லா, 1995இலிருந்து தனி மாவட்டம். அண்ணன் 1908இலும் தம்பி 1913இலும் அதே வீட்டில் பிறந்திருந்தால், ஒருவர் 'கோயம்புத்தூர்', இன்னொருவர் 'திருச்சி'.

மலாயாவுக்கு நிறையப் பேர் வந்த மற்ற ஜில்லாக்களும் இப்படித்தான் பிரிந்தன. இந்தப் பட்டியலை வைத்துக்கொள்ளுங்கள், உதவும்:

• தஞ்சாவூர்: 1974இல் ஒரு பகுதி புதிய புதுக்கோட்டை மாவட்டத்துக்குப் போனது. 1991இல் நாகப்பட்டினம் பிரிந்தது. பிறகு திருவாரூர் (1997), மயிலாடுதுறை (2020).

• திருச்சிராப்பள்ளி: 1995இல் கரூர், பெரம்பலூர். பின்னர் பெரம்பலூரிலிருந்து அரியலூர்.

• சேலம்: 1965இல் தருமபுரி, 1997இல் நாமக்கல். தருமபுரியிலிருந்து 2004இல் கிருஷ்ணகிரி.

• தென் ஆற்காடு: 1993இல் கடலூர், விழுப்புரம் என இரண்டானது. 2019இல் கள்ளக்குறிச்சி.

• வட ஆற்காடு: 1989இல் இரண்டானது. இன்றைக்கு வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, திருப்பத்தூர்.

• மதுரை: 1985இல் திண்டுக்கல், 1990களில் தேனி.

• ராமநாதபுரம்: 1910இல்தான் மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களின் பகுதிகளைச் சேர்த்து இதை உருவாக்கினார்கள். 1985இல் சிவகங்கை, விருதுநகர் பிரிந்தன.

• திருநெல்வேலி: 1986இல் தூத்துக்குடி, 2019இல் தென்காசி.

• கோயம்புத்தூர்: 1979இல் ஈரோடு, 2009இல் திருப்பூர்.

இரண்டு இடங்களில் இன்னும் கவனம் தேவை. புதுக்கோட்டை 1948 வரை தனி சமஸ்தானம். அங்கே பிறந்தவருடைய பழைய தாளில் மெட்ராஸ் மாகாணத்து ஜில்லா எதுவும் இல்லாமல் போகலாம். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்தது. நாகர்கோவில்காரரின் தாளில் 'திருவிதாங்கூர்' என்று பார்த்ததும் "அப்போ நாம மலையாளியா?" என்று குழம்ப வேண்டாம்.

'மெட்ராஸ்' என்றால் சென்னையா?

பல வேளைகளில் இல்லை. அந்தக் காலத்தில் மெட்ராஸ் என்பது நகரத்தின் பெயர் மட்டும் இல்லை, ஒரு பெரிய மாகாணத்தின் பெயரும் அதுதான். இன்றைய தமிழ்நாட்டோடு ஆந்திராவின் பெரும்பகுதி, கேரளாவின் மலபார், கர்நாடகத்தின் சில பகுதிகள் எல்லாம் அதற்குள் அடங்கும். சுதந்திரத்துக்குப் பிறகும் 'மெட்ராஸ் ஸ்டேட்' என்றே இருந்தது. 1969 ஜனவரி 14இல்தான் அதிகாரபூர்வமாகத் தமிழ்நாடு என்று பெயர் மாறியது.

ஆக 1969க்கு முந்தைய தாளில் 'மெட்ராஸ்' என்று மட்டும் இருந்தால், "தென்னிந்தியாவில் எங்கோ" என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

அதேபோல் 'நாகப்பட்டினம்'. மலாயாவுக்குப் போன தொழிலாளர்களைக் கப்பலேற்றும் முன் தங்கவைத்த முகாம்கள் மெட்ராஸுக்கு அருகே ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்தன. நம் பெரியவர்கள் இன்னமும் பேசும் ரஜூலா கப்பல் மெட்ராஸ், நாகப்பட்டினம் துறைமுகங்களிலிருந்து ஆளேற்றிக்கொண்டு பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று வந்தது. "எங்கேயிருந்து வந்தே?" என்ற கேள்விக்கு "நாகப்பட்டணம்" என்று பதில் சொன்னவர் பிறந்த ஊரைச் சொன்னாரா, கப்பலேறிய துறையைச் சொன்னாரா? தாளில் துறைமுகத்தின் பெயர் மட்டும் இருந்தால் இந்தச் சந்தேகம் உங்களுக்கு வர வேண்டும்.

ஆங்கிலேயர் எழுதிய விதமும் குழப்பும். ட்ரிச்சினோபோலி என்பது திருச்சிராப்பள்ளி. டாஞ்சூர் தஞ்சாவூர். டின்னவெலி திருநெல்வேலி. ட்ரான்குபார் தரங்கம்பாடி. போர்ட்டோ நோவோ பரங்கிப்பேட்டை. மாயவரம்தான் இன்றைய மயிலாடுதுறை. ஆங்கிலத்தில் எழுதிய பெயரைச் சத்தம் போட்டு வாசித்துப் பாருங்கள். கிராணியின் காதில் அது எப்படி விழுந்தது என்பது சில நேரம் பிடிபடும்.

கேட்டது என்ன, சொன்னது என்ன?

தமிழில் யாரையாவது "உங்களுக்கு எந்த ஊரு?" என்று கேட்டுப் பாருங்கள். அப்பாவின் ஊரைச் சொல்வார்கள். அங்கே அவர்கள் கால் வைத்ததே இல்லை என்றாலும் அதுதான் 'சொந்த ஊர்'. பிறந்த இடம் என்பது நம் வழக்கில் தனிக் கேள்வி.

அதோடு தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் பழக்கம். அப்பாவின் ஊர் மன்னார்குடி பக்கமாக இருந்தாலும், மூத்த பிள்ளை அம்மாவின் ஊரில், வேறொரு தாலுகாவில் பிறந்திருக்கும். இந்த வழக்கம் கடல் தாண்டியும் தொடர்ந்தது. வசதி இருந்த சில குடும்பங்களில் மகளைப் பிரசவத்துக்கு ஊருக்கு அனுப்பி, பிள்ளை கொஞ்சம் வளர்ந்ததும் திரும்பக் கூட்டி வந்தார்கள். ஒரே தோட்டத்தில் வளர்ந்த அண்ணன் தம்பிகளில் ஒருவர் 'இந்தியா', மற்றவர்கள் 'பேராக்' என்று இருந்தால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆகவே ஒவ்வொரு தாளையும் பார்க்கும்போது, "இதில் கேட்டது பிறந்த இடமா, சொந்த ஊரா, கடைசியாக இருந்த முகவரியா, கப்பலேறிய துறையா?" என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். பாதி முரண்பாடு அங்கேயே தீர்ந்துவிடும்.

நம் பக்கத்திலும் பெயர்கள் மாறின

மலேசிய ஊர்ப் பெயர்களையும் இதே கண்ணோடு பாருங்கள். போர்ட் சுவெட்டன்ஹாம் 1972இல் போர்ட் கிள்ளான் ஆனது. தெலுக் ஆன்சன் 1982இல் தெலுக் இந்தான் ஆனது. 'புரோவின்ஸ் வெல்லெஸ்லி' என்று இருந்தால் அது இன்றைய செபராங் பிறை.

'ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ்' என்று எழுதியிருந்தால் உடனே சிங்கப்பூர் என்று நினைக்காதீர்கள். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் அதில் அடக்கம். லூமுட், பங்கோர் தீவு அடங்கிய டிண்டிங்ஸ் பகுதியும் அதில்தான் இருந்தது. 1935இல்தான் அதைப் பேராக்கிடம் திருப்பிக் கொடுத்தார்கள். 1930இல் லூமுட்டில் பிறந்த பாட்டியின் ஒரு தாள் 'ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ்' என்றும் இன்னொன்று 'பேராக்' என்றும் சொன்னால் இரண்டும் சரியே.

மைகார்ட் எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. 12 இலக்கத்தில் முதல் ஆறும் பிறந்த தேதி. அடுத்த இரண்டும் பிறந்த மாநிலம் அல்லது நாடு: 07 பினாங்கு, 08 பேராக், 10 சிலாங்கூர். ஆனால் 1948இல் அவசரகாலத்தில் முதன்முதலாக அடையாள அட்டை கொடுத்தபோது வாங்கிய ஒருவருக்கு, இந்தப் புதிய எண் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் வந்தது. அதுவும் ஏற்கெனவே பதிவில் இருந்ததை வைத்தே. அதனால் அந்த இரண்டு இலக்கத்தைத் தனிச் சாட்சியாக எண்ணக் கூடாது.

உண்மையிலேயே முரண்பட்டால்?

எல்லை, பெயர், கேள்வி எல்லாவற்றையும் கழித்த பிறகும் சில முரண்பாடுகள் மிஞ்சும். ஒரு கற்பனை உதாரணம்: பாட்டியின் தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் 1938ஆம் ஆண்டு 'பிறந்த இடம்: திருத்துறைப்பூண்டி தாலுகா' என்று இருக்கிறது. அடையாள அட்டை, குடியுரிமைத் தாள், கடப்பிதழ், இறப்புப் பத்திரம் நான்கிலும் 'பேராக்'. நான்குக்கு ஒன்று. பேராக்தான் ஜெயிக்கும், இல்லையா?

அவசியமில்லை. இங்கே வாக்கெடுப்பு செல்லாது. நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

1. இது எத்தனை சாட்சி? அடையாள அட்டையைப் பார்த்துக் கடப்பிதழ் எழுதியிருப்பார்கள். அதையே பார்த்து இறப்புப் பத்திரமும் எழுதியிருப்பார்கள். அப்படியானால் நான்கு தாளும் சேர்ந்து ஒரே சாட்சிதான். 1948இல் ஒருமுறை சொன்னது, மூன்று முறை நகலெடுக்கப்பட்டிருக்கிறது. இப்போது கணக்கு ஒன்றுக்கு ஒன்று.

2. சொன்னது யார்? பிறப்பை அறிந்தவர் அம்மா, அப்பா, மருத்துவச்சி. பள்ளிக்குக் கூட்டிப் போன அப்பா சொல்லியிருந்தால் அதற்கு எடை அதிகம். இறப்புப் பத்திரத்துக்குத் தகவல் சொல்பவர் மகனோ மருமகளோ. அவர் அந்தப் பிறப்பைப் பார்த்தவர் இல்லை. கங்காணியோ கிராணியோ மொத்தமாகச் சொல்லி எழுதியிருந்தால் எடை இன்னும் குறைவு.

3. எப்போது எழுதியது? பிறப்புக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. ஜப்பானியர் ஆட்சியில், 1942 முதல் 1945 வரை, பல குடும்பங்கள் இடம்பெயர்ந்து பத்திரங்களை இழந்தன. சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் குடும்பங்களைச் சொல்லவே வேண்டாம். போருக்குப் பிறகு நினைவிலிருந்து எழுதிய தாள்கள் ஏராளம்.

4. எதற்காக எழுதியது? இங்கேதான் கொஞ்சம் பரிவோடு யோசிக்க வேண்டும். அவசரகாலத்திலும், 1948, 1957 குடியுரிமை விதிகளின்போதும், "இங்கேயே பிறந்தவள்" என்று சொல்ல முடிவது ஒரு பாதுகாப்பு. மறுபக்கம், தோட்டத்தில் பிறந்தும் பிறப்பைப் பதியாமல் விட்டதால், "ஊரிலிருந்து வந்தவர்" என்றே எழுதப்பட்டவர்களும் உண்டு. தாளில் ஒரு பதிலால் ஆதாயமோ ஆபத்தோ இருந்ததா என்று பாருங்கள். ஆதாயம் எதுவும் இல்லாத இடத்தில் சொன்ன பதில் பெரும்பாலும் வெகுளியான பதில்.

இந்த நான்கு கேள்வியையும் போட்டால், மேலே சொன்ன பாட்டியின் விஷயத்தில் பள்ளிப் பதிவேட்டுக்கே எடை கூடுகிறது. ஆனாலும் முடிவு கட்டும் முன், வேறு யாரையும் பார்த்து எழுதாத இன்னொரு சாட்சி தேவை. அதைத்தான் அடுத்துத் தேட வேண்டும்.

மாவட்டத்திலிருந்து கிராமத்துக்கு

தமிழ்நாட்டில் புதூர் எத்தனை, நல்லூர் எத்தனை, புதுப்பட்டி எத்தனை! திருப்பத்தூர் என்று சொன்னாலே வடக்கே ஒன்று, சிவகங்கைச் சீமையில் ஒன்று. கிராமத்தின் பெயர் மட்டும் கிடைத்தால் போதாது. தாலுகா வேண்டும். அதற்கு அரசாங்கத் தாளைவிட வீட்டில் கிடக்கும் துண்டுகள் அதிகம் உதவும்.

கடித உறை. இதுதான் தங்கம். ஊரிலிருந்து வந்த பழைய கடிதத்தின் முத்திரையில் தபால் நிலையத்தின் பெயர் இருக்கும். அனுப்பியவர் முகவரியில் 'அஞ்சல்', 'வழி', 'தாலுகா' எல்லாம் வரிசையாக இருக்கும். மணியார்டர் ரசீதும் அப்படித்தான். தாத்தா பணம் அனுப்பிய ஊர் அவருடைய சொந்த ஊராக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

குலதெய்வம். ஊர்ப் பெயர் மறந்த வீட்டிலும் குலதெய்வத்தின் பெயர் பெரும்பாலும் மறப்பதில்லை. பாட்டியிடம் சாமி பேரை மட்டும் கேட்காதீர்கள். கோயில் ஆற்றங்கரையிலா, ஏரிக்கரையிலா? துணைச் சாமிகள் யார்? கிடா வெட்டா, சைவப் படையலா? திருவிழா எந்த மாதம்? ஒரே பெயரில் நூறு அய்யனார் இருந்தாலும் இந்த விவரங்கள் எண்ணிக்கையைக் குறைத்துவிடும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: குலதெய்வக் கோயில் காட்டுவது பங்காளிகளின் ஊரை. தாத்தா பிறந்த வீடு பக்கத்துக் கிராமத்திலும் இருக்கலாம்.

கங்காணி. கங்காணி தன் சொந்த ஊரிலும் அக்கம்பக்கத்திலும் போய் ஆள் சேர்த்தார். இந்திய அரசு 1938இல் உதவியோடு ஆள் அனுப்புவதை நிறுத்தும் வரை இந்த முறை நடந்தது. அதனால் உங்கள் தாத்தாவோடு ஒரே லயத்தில் இருந்த குடும்பங்கள் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்களாக இருக்கலாம். உங்களிடம் தாள் இல்லை என்றால், அவர்கள் வீட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய தோட்டத்து ஆட்களின் வாட்ஸ்அப் குழு எதிலாவது உங்கள் மாமாவோ சித்தியோ இருப்பார்கள். அங்கே ஒரு கேள்வி போட்டால் போதும்.

கல்லறை, பத்திரிகை. பழைய தமிழ்க் கல்லறைகள் சிலவற்றில் ஜில்லா, தாலுகா, கிராமம் மூன்றும் பொறித்திருப்பார்கள். திருமண அழைப்பிதழ்களில் இரு வீட்டாரின் ஊரும் இருக்கும். தமிழ் நேசன் (1924 முதல் 2019 வரை), சிங்கப்பூரின் தமிழ் முரசு (1935இல் தொடங்கியது) போன்ற நாளிதழ்களில் வந்த மரண அறிவிப்புகளிலும் பூர்வீக ஊர் கிடைக்கலாம்.

ஊர்ச் சங்கங்கள். தமிழ் முஸ்லிம்களிடையே ஊர்ப் பிணைப்பு வலுவானது. சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1941இலிருந்து இயங்குகிறது. உங்கள் குடும்பம் அப்படி ஓர் ஊரைச் சேர்ந்தது என்றால் சங்கத்துப் பெரியவர்களிடம் கேட்பதே சுருக்கு வழி.

எங்கே போய்த் தேடுவது?

மலேசியாவில் பிறந்தவர், இறந்தவர் என்றால் தேசியப் பதிவுத் துறையான ஜேபிஎன். பழைய அரசாங்கக் கோப்புகளுக்குக் கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம்.

சிங்கப்பூரில் பிறப்பு, இறப்புப் பதிவுகளைக் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையம் பராமரிக்கிறது. சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பழைய மலாயா ஆங்கில நாளிதழ்களையும் தமிழ் முரசையும் தேடலாம். மலேசியாவில் இருந்தபடியே பார்க்க முடியும். பெயரைத் தேடும்போது ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுத்துக்கூட்டிப் பாருங்கள். முனியாண்டி என்ற ஒரே பெயரை எத்தனை விதமாக எழுதியிருப்பார்கள் என்பதை நீங்களே பார்த்தால் சிரிப்பு வரும்.

இந்தியாவில், கிராமத்தின் பெயர் ஓரளவு தெரிந்தால், மாவட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்புக் கையேடுகள் கைகொடுக்கும். 1951இலிருந்து ஒவ்வொரு மாவட்டத்துக்கும் வந்த இந்தக் கையேடுகளில் தாலுகா வாரியாகக் கிராமங்களின் பட்டியல் உண்டு. 'கீழக்குறிச்சி' என்று பாட்டி சொன்னால், அது எந்தெந்தத் தாலுகாவில் இருக்கிறது என்று அதில் பார்த்துக் கழித்துக்கொண்டே வரலாம்.

அடுத்து நேரில். ஊரில் கிராம நிர்வாக அலுவலர், தாலுகா அலுவலகம். முன்பு கிராம முன்சீப், கர்ணம் என்று பரம்பரையாக இருந்த பதவிகளை 1980இல் ஒழித்துவிட்டதால், பழைய ஏடுகள் கிராமத்தில் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பிறப்புப் பதிவு கிடைத்தாலும் ஒரு சிக்கல்: பல பழைய பதிவுகளில் குழந்தையின் பெயரே இருக்காது. 'ஆண்' அல்லது 'பெண்', அப்பா பெயர், தேதி, அவ்வளவுதான். அதனால் போகும் முன் தாத்தாவின் அப்பா பெயரையும் உடன்பிறந்தவர்களின் வரிசையையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

ஊர் பார்க்கும் ஆசைக்காக மட்டும் என்றால் தோராயமாகத் தெரிந்தாலே போதும். ஆனால் சில இடங்களில் தாள்தான் பேசும்.

இந்தியாவின் ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிப்பவர், 1950 ஜனவரி 26ஆம் தேதி இந்தியக் குடிமகனாகும் தகுதி பெற்றிருந்த ஒருவரின் வழிவந்தவர் என்பதைக் காட்ட வேண்டியிருக்கும். எத்தனை தலைமுறை வரை, எந்தெந்த ஆவணம் என்பதைத் தூதரகத்தின் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே கிராமத்தின் பெயரைவிட, தாத்தா, அப்பா, நீங்கள் என்ற சங்கிலி ஒவ்வொரு கண்ணியிலும் ஒரே பெயரோடு பொருந்துகிறதா என்பதே பெரிய தலைவலி.

மலேசியாவில் குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டையோடு வாழும் பெரியவர்களுக்கு இது இன்னும் தீவிரமான விஷயம். 1957 சுதந்திர தினத்திலிருந்து 1962 அக்டோபருக்கு முன்வரை மலாயாவில் பிறந்தவர்கள், பிறந்த இடத்தாலேயே குடிமக்கள். 1960இல் தோட்டத்தில் பிறந்து, பதியாமல் விட்ட ஒருவருக்கு, "எங்கே பிறந்தார்" என்பதற்கு ஒரு பழைய பள்ளிப் பதிவோ ஆஸ்பத்திரிச் சீட்டோ கிடைத்தால் அது வாழ்க்கையையே மாற்றக்கூடும்.

அதனால்தான் ஒரு எச்சரிக்கை. உங்கள் ஊகத்தை வைத்துக்கொண்டு அரசாங்கப் பதிவைத் திருத்தப் போகாதீர்கள். பொய்யான சத்தியப் பிரமாணம் குற்றம். உயிரோடு இருக்கும் பெரியவர் ஒருவரின் தாளில் முரண்பாடு கண்டால், அதை ஃபேஸ்புக்கில் போடும் முன் ஒரு வழக்கறிஞரிடமோ குடியுரிமை விவகாரங்களில் உதவும் அமைப்பிடமோ பேசுங்கள்.

இன்னொன்றும் உண்டு. சிலர் வேண்டுமென்றே ஊரின் பெயரைச் சொல்லாமல் விட்டார்கள். கடனுக்கும் சாதிக் கொடுமைக்கும் பயந்து கப்பலேறியவருக்கு அந்த ஊர் திரும்பிப் பார்க்கும் இடமாக இருந்திருக்காது. பாட்டி ஒரு கேள்விக்கு மட்டும் பேச்சை மாற்றினால், அன்றைக்கு அதோடு விட்டுவிடுங்கள்.

கண்டுபிடித்ததை எப்படி எழுதி வைப்பது?

ஒரு தாளில் ஐந்து கட்டம் போடுங்கள்: பத்திரத்தின் பெயர், எழுதிய ஆண்டு, சொன்னவர், எழுதியிருக்கும் ஊர் (எழுத்துக்கு எழுத்து அப்படியே), அந்த ஆண்டில் அந்த ஊர் எந்த ஜில்லாவில் இருந்தது. கடைசிக் கட்டத்தை நிரப்பும்போதே பாதி முரண்பாடு கரைவதைப் பார்ப்பீர்கள்.

பிறகு முடிவை மூன்று படியில் எழுதுங்கள். 'உறுதி': ஒன்றை ஒன்று பார்த்து எழுதாத இரண்டு சாட்சிகள் ஒத்துப்போனால். 'பெரும்பாலும்': நல்ல சாட்சி ஒன்றும், அதற்கு எதிராகப் பலவீனமான சாட்சியும் இருந்தால். 'இருக்கலாம்': வாய்வழிச் செய்தி மட்டும் இருந்தால். "நாமக்கல் தாலுகா, உறுதி, கிராமம் இன்னும் தெரியவில்லை" என்பதும் ஒரு நல்ல முடிவுதான். கிராமத்தின் பெயரை ஊகத்தில் எழுதிவைத்தால், அடுத்த தலைமுறை அதை உண்மை என்று நம்பி அங்கேயே தேடிக்கொண்டிருக்கும்.

வேலையை எங்கே தொடங்குவது என்றால், வீட்டில் வயதில் மூத்தவரிடம். ஆவணக் காப்பகம் அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். எண்பத்தைந்து வயதுப் பெரியம்மாவின் நினைவு அப்படி இல்லை. இந்த வாரம் போன் பண்ணுங்கள். கைப்பேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, "ஊருக்குக் கடுதாசி போடும்போது முகவரி என்னான்னு எழுதுவீங்க?" என்று கேளுங்கள். "எங்கே பிறந்தாரு?" என்ற கேள்விக்குத் தெரியாது என்பவர்கள்கூட, அந்த முகவரியை மனப்பாடமாகச் சொல்வார்கள்.